அவணக் கணக்கை யார் எழுதியது?

பிள்ளைகள், நீங்கள் இரண்டு பேரும் பாடத்துக்கு ஏஐயிடம் கேட்கிறீர்கள். கேளுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முதல் எனக்கு நடந்ததை ஒருமுறை வாசியுங்கள்.

களுவாஞ்சிக்குடிக் கடையில் போன் திருத்திக்கொண்டே நான் கோடிங் பழகியது உங்களுக்குத் தெரியும். அப்படிச் செய்ததுதான் வயல் ஆப். காணியின் அளவைப் போட்டால் விதைநெல் எவ்வளவு, புல்லுக்கு அடிக்கும் மருந்து எவ்வளவு, மழைநாள் பார்த்து அதை எப்போது அடிப்பது என்று சொல்லும். அது ஓப்பன் சோர்ஸ். கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும். யாரும் திருத்தி அனுப்பலாம். வருவதைப் பார்த்துச் சேர்ப்பது நானும் காத்தான்குடி பர்சானா டீச்சரும்.

ஒருநாள் முகம் தெரியாத ஒருவர், காணியின் அளவை அவணம் என்ற எங்கள் பக்க நில அளவிலும் போடும்படி ஒரு திருத்தம் அனுப்பினார். துப்புரவான கோட். அது சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். எல்லாம் பாஸ். நான் சேர்த்துவிட்டேன்.

அந்தக் கிழமையே, படுவான்கரையில் வயல் செய்யும் தம்பிராசா அண்ணன் கடைக்கு வந்து போனை மேசையில் வைத்தார். ஒரு அவணக் காணிக்கு ஆப் சொன்ன மருந்து, அவர் வழக்கமாக அடிப்பதைவிட மிக அதிகம். நல்ல காலம், அடிக்குமுன் கேட்க வந்திருந்தார்.

"இத அடிச்சா புல்லும் சாகும், வேளாண்மையும் சாகும். பிறகு வயல் வட்டைக்குள்ள இந்தப் போனைத்தான் விதைக்க வேணும், தம்பி."

அனுப்பியவரிடம் கேட்டோம். ஏஐ எழுதியது என்றும், அவணம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவணம் ஊருக்கு ஊர் மாறும். ஏஐ வேறெங்கோ உள்ள பெரிய அவணத்தை எடுத்திருந்தது. டெஸ்ட்டையும் அதே கணக்கில்தான் எழுதியிருந்தது. தன் விடைத்தாளுக்குத் தானே சரி போட்ட மாதிரி.

அன்றே அந்தத் திருத்தத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டோம். இனி ஏஐ எழுதியது எதுவும் வேண்டாம் என்று டீச்சர் நின்றார். அப்படித் தடுத்தால் உண்மை சொல்பவர் வெளியே நிற்பார், ஒளிப்பவர் உள்ளே வருவார் என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி அண்ணன். அப்ப ஆர் எழுதினாலும், அனுப்புற ஆள் விளங்கப்படுத்த வேணும். ஏலாட்டி சேர்க்கிறல்ல. நீங்க அனுப்பினாலும்தான்."

அதையே விதியாக எழுதினோம். ஏஐ உதவியிருந்தால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் சொந்தச் சொல்லில் விளக்க வேண்டும். அளவு என்றால், அந்த அளவில் வயல் செய்யும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். எங்கள் அவணத்துக்கு இப்போது தம்பிராசா அண்ணன்தான் பொறுப்பு.

ஏஐயிடம் கேட்பது பிழையில்லை. விளங்காததை உங்கள் பெயரில் கொடுப்பதுதான் பிழை.

விதி போட்ட மறுநாள், கடையில் ஆளில்லாத மத்தியான நேரம், வயல் ஆப்பின் பழைய கோட் வரிகளைத் திறந்தேன். மழைநாள் கணக்கில் முப்பது வரி, என் பெயரில் இருந்தது. ஏஐ தந்தது. வரிவரியாக எனக்கே விளங்கப்படுத்திப் பார்த்தேன். பதினோராவது வரியில் நின்றுவிட்டேன். முப்பதையும் எடுத்துவிட்டு, காரணம் எழுதும் இடத்தில் 'என்னால் விளக்க முடியவில்லை' என்று எழுதினேன்.