வெர்னா முடிச்சு வைக்காத மீட்டிங்

எங்க ஊர்ல நாப்பது வயசைத் தாண்டினவங்க எல்லாருமே வெர்னா ஓயலா கையால உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்னவங்கதான். பள்ளிக்கூடச் சமையல்கட்டுல ரிட்டயர் ஆகுற வரைக்கும் கரண்டி அந்தம்மா கையிலதான் இருந்துச்சு. இன்னைக்கும் அவங்க முறைச்சா எங்க மேயர் தட்டுல இருக்கிறதை மிச்சம் வைக்காம தின்னுடுவாரு. நான் கண்ணால பாத்திருக்கேன்.

நான் லாம்பினென். முனிசிபாலிட்டியில பனி தள்ளுற வண்டி ஓட்டுறேன். படிப்பு பாதியில நின்னு போச்சு. ஆனா எந்த வீட்டு வாசல்ல யார் வண்டி நிக்குதுன்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல கிடையாது.

வெர்னா வீடு குவாரித் தெருவுல, மேட்டு மேல. அவங்க வீட்டுக்காரர் ஆர்விட் துறைமுகத்துல வேலை பாத்த மனுஷன். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு. தினம் நடக்கணும், நடக்கலைன்னா படுத்துருவாருன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. குளிர்காலத்துல எங்க ஊர்ல நடக்குறது சும்மா இல்ல, நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். ஆனா குவாரித் தெருவுக்குக் காலையில நல்லா வெயில் விழும். பத்து மணிக்கெல்லாம் நடைபாதை உருகிக் காஞ்சுடும். ஆர்விட் தடியை ஊணிக்கிட்டுக் கீழ கூட்டுறவுக் கடை வரைக்கும் போவாரு, ஒரு காபி குடிப்பாரு, திரும்பி வருவாரு. அவருக்கு ஒரு நாள்ங்கிறதே அவ்வளவுதான்.

அந்த வெயிலுக்குத்தான் யுனிவர்சிட்டிக்காரன் குறி வச்சான்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் யுனிவர்சிட்டியோட புல்தரை. அதுல எட்டு மாடி ஹாஸ்டல் கட்டப் போறாங்கன்னு செய்தி வந்துச்சு. மாநில யுனிவர்சிட்டி, அதனால எங்க முனிசிபாலிட்டிகிட்ட அனுமதி வாங்கத் தேவையில்ல. நீங்க வீட்டுக்குப் பின்னால கோழிக்கூண்டு வைக்கணும்னா ஆறு பேர் வந்து அளந்து பாப்பாங்க. எட்டு மாடிக்குக் கேக்க ஆள் இல்ல. ஊரைக் கேட்ட மாதிரி இருக்கட்டுமேன்னு ஒரு கமிட்டி மட்டும் வச்சிருந்தாங்க. அதுக்குத் தலைவி வெர்னா. கமிட்டி யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. ஒரே ஒரு விதி இருந்துச்சு: கமிட்டி மீட்டிங்கை முடிச்சு அறிக்கை அனுப்புற வரைக்கும் யுனிவர்சிட்டியோட டிரஸ்டி போர்டு கட்டடத்துக்குச் சம்மதம்னு ஓட்டுப் போடக் கூடாது.

அக்டோபர்ல பலூன் விட்டாங்க. கட்டடம் எவ்வளவு உசரம் வரும்னு ஊருக்குக் காட்ட, அவ்வளவு நீளக் கயித்துல சிவப்பு பலூன். நல்ல வழக்கம்தான். ஆனா விட்ட நாளைப் பாருங்க. ஏரியில இருந்து காத்து ஆளைத் தள்ளுது. பலூன் படுத்துக்கிச்சு, பைத்தியம் பிடிச்ச நாய் மாதிரி கயித்தை இழுத்துக்கிட்டுப் பக்கவாட்டுல ஓடுது. யுனிவர்சிட்டி துணைத் தலைவர் டெட்வைலர் பளபளன்னு ஷூ போட்டு வந்து நின்னு சொன்னாரு: "பாருங்க, மரத்துக்குள்ளயே மறைஞ்சுடுது."

ஒருத்தரும் வாயைத் திறக்கல. எங்க ஆளுங்க அப்படித்தான். முகத்துக்கு நேரா மறுத்துப் பேசுறது எங்களுக்கு வராது. கூட்டத்துல தலையாட்டுவோம், அங்க குடுக்குற ஏலக்காய் ரொட்டி தின்போம், வெளிய பார்க்கிங்குக்கு வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் திட்டுவோம். அன்னைக்கும் அதான்.

"கயிறு ஏன்யா படுத்துத் தூங்குது?"ன்னான் கென் ட்ரெவாரோ, வெர்னாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

"கட்டடத்தையும் அப்படியே படுக்க வச்சுக் கட்டினா நமக்குச் சம்மதம்"னேன் நான்.

வெர்னா மட்டும் சிரிக்கல. காத்தில்லாத நாள்ல இன்னொரு தடவை விடுங்கன்னு கேட்டு அனுப்புனாங்க. பலூன் வாடகைக்கு எடுத்தது, ஊரைக் கலந்துக்குற வேலை முடிஞ்சதுன்னு பதில் வந்துச்சு. எவ்வளவு கொழுப்பு பாருங்க. ஏரியில தினமுமா காத்து அடிக்குது?

ஜனவரியில கடைசி மீட்டிங், நூலகத்துல. டெட்வைலர் திரையில படம் காட்டுனாரு. எட்டு மாடி, பச்சை மரம், ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே நடக்குற பொண்ணுங்க. படத்துல ஜூன் மாசம். வெளிய நாங்க நாலு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கோம்.

"குளிர்காலத்துல நிழல் எங்க விழும்?"னு வெர்னா கேட்டாங்க.

"குவாரித் தெருவுல கொஞ்சம் விழும், மிஸஸ் ஓயலா. அது முனிசிபாலிட்டி தெரு. உப்புப் போட்டுப் பாத்துக்குவாங்க."

அந்த உப்பைப் போடுறவன் பின்வரிசையில உக்காந்திருக்கேன். என் மூஞ்சிய ஒரு தடவை பாத்திருக்கலாம். வெயில் படாத எடத்துல உப்பைக் கொட்டினா உப்பும் ஐஸுமா கெடக்கும், அவ்வளவுதான்.

"வேற யாருக்காவது ஆட்சேபனை?"

கென் தன் ரொட்டியில ஏலக்காயைத் தேடிக்கிட்டு இருக்கான்.

"ரொம்ப சந்தோஷம். ஊர் மக்களோட முழு ஒத்துழைப்போட"ன்னு ஆரம்பிச்சு டெட்வைலர் கம்ப்யூட்டரை மூடுனாரு.

"மீட்டிங் முடிஞ்சதுன்னு யார் சொன்னது?"ன்னாங்க வெர்னா. குரல் ஏறவே இல்ல. "முடிக்கிறது தலைவி. எங்க ஊர் மீட்டிங் பாதி உள்ள நடக்கும், பாதி பார்க்கிங்ல நடக்கும். இப்ப மீதிக்குப் போறோம். எல்லாரும் கோட்டு மாட்டிக்குங்க."

சொல்லிட்டு மேசையில இருந்த பேச்சுப் பதியுற மெஷினைக் கையில எடுத்துக்கிட்டு நடந்துட்டாங்க.

வெளிய கென் வழக்கம்போல வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருந்தான். வெர்னா அவன் வண்டி பானெட் மேல மெஷினை வச்சாங்க. "ம், பலூனைப் பத்தி அன்னைக்கு என்ன சொன்ன? இப்பச் சொல்லு."

கென் மெஷினைப் பாத்தான், பின்னாலயே வந்து நின்ன டெட்வைலரைப் பாத்தான். பார்க்கிங்ல நின்னதும் அவனுக்கு வாய் வந்துடுச்சு. "காத்தடிக்கிற நாளாப் பாத்துப் பலூன் விட்டீங்க. எங்களை என்ன ஏமாந்த பயலுகன்னு நெனச்சீங்களா?"

அப்புறம் மடை திறந்த மாதிரிதான். "உங்க பக்கத்து நடைபாதைக்கு அடியில நீராவிக் குழாய் ஓடுது, விழுற பனி அப்பவே உருகிடுது. பசங்க ஜனவரியில அரை டவுசரோட போறானுங்க. எங்க பக்கம் கெழடுங்க இடுப்பு உடையணுமா?"ன்னு ஒரு குரல். "உங்க கொதிகலன் புகை எங்களுக்கு, சூடு உங்களுக்கா?"ன்னு இன்னொரு குரல். நானும் என் பங்குக்கு உப்பைப் பத்தி நாலு வார்த்தை சொன்னேன், அதுல ரெண்டு வார்த்தையை அறிக்கையில போட முடியாது.

டெட்வைலருக்குத் தொப்பி இல்ல, காது சிவந்து போச்சு. கென் தன் ஆரஞ்சு கலர் வேட்டைத் தொப்பியைக் கழட்டி அவர் தலையில மாட்டிவிட்டான். "போட்டுக்குங்க சார். காது உறைஞ்சு விழுந்தா அதுக்கும் ஊர் ஒத்துழைச்சதுன்னு எழுதிருவீங்க."

வெர்னாவோட கார்ல உக்காந்திருந்த ஆர்விட் கண்ணாடியை எறக்குனாரு. பேச்சு மெதுவாத்தான் வரும். எல்லாரும் கார் பக்கம் நகர்ந்து வந்தாங்க.

"நான் பத்து மணிக்கு நடப்பேன்"னாரு. கொஞ்சம் மூச்சு விட்டுட்டு, "எங்க நடக்கட்டும்?"

டெட்வைலர் தன் ஷூவைப் பாத்தாரு.

"பதில் வரலைன்னு பதிவாகட்டும்"னாங்க வெர்னா. "மீட்டிங் முடியல. பதில் வந்தப்புறம் முடிக்கிறேன்."

முடிக்கவே இல்லையே. பிப்ரவரியில ஆள் அனுப்பிக் கெஞ்சுனாங்க. மார்ச்ல, மாணவர்களோட எதிர்காலத்துக்குக் குறுக்க நிக்கிற கெழவின்னு பேப்பர்ல ஜாடையா எழுத வச்சாங்க. வெர்னா அந்தப் பேப்பரை விரிச்சு அது மேல மீன் வெட்டுனாங்க. ஏப்ரல்ல எறங்கி வந்தாங்க: மாடி குறையாது, ஆனா குவாரித் தெரு எங்க பக்கத்துக்கும் நீராவிக் குழாய், ஹாஸ்டல் எழும்புறதுக்கு முன்னாடியே. வெர்னா ரெண்டு நாள் யோசிச்சாங்க. ஆர்விட்டைக் கேட்டாங்க. குழாய் பதிச்சு, அடுத்த குளிர்காலத்துல மேல பனி உருகுறதைக் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான், "மீட்டிங் முடிஞ்சது"ன்னு சொன்னாங்க.

இப்ப எட்டு மாடியும் நிக்குது. ஆர்விட் பத்து மணிக்கு நடக்குறாரு, காஞ்ச பாதையில, முழு நிழல்ல. முன்ன வெயில் விழுந்த மூலையில பழக்கத்துல நின்னு முகத்தைத் தூக்குறாரு. மேல எட்டாவது மாடி கிழக்கோர ஜன்னல்ல ஒரு பையன் பனியனோட வெயில் காஞ்சுக்கிட்டுப் போன் பாக்குறான். பையன் மேல தப்பில்ல. ஆனா எனக்கு வயிறு எரியுது.

அதுக்கும் மேல ஒண்ணு பண்ணாங்க. எங்க நடைபாதை ஓரத்துல ஒரு கல் நட்டு, அதுல பித்தளைத் தகடு: 'யுனிவர்சிட்டி ஊர் மக்களுக்கு அன்புடன் வழங்கிய பரிசு.' திறப்பு விழாவுக்குக் கேக் வேற.

"வெயிலை எடுத்துக்கிட்டு ஆவியைக் குடுத்திருக்கான். பேரு பரிசாம்"னாங்க வெர்னா. கேக்கைத் தொடல. என்னைப் பாத்து, "ஏன்டா லாம்பினென், இந்தத் தெருப் பனியையெல்லாம் நீ எங்க தள்ளுவ?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சின்ன வயசுல அவங்க கையால சாப்பிட்டவன் நான். குறிப்பு புரிஞ்சுக்கிட்டேன். நவம்பர்ல மொத பனி விழுந்ததுல இருந்து அந்தத் தகடு மலை மாதிரிக் குவியலுக்கு அடியில கெடக்கு. யுனிவர்சிட்டியில இருந்து மாசத்துக்கு ஒருதரம் போன் வருது. கல்லா, எந்தக் கல்லுன்னு கேக்குறேன். அடுத்த மீட்டிங்ல கொண்டு வாங்க, பேசலாம்னும் சொல்றேன்.