பாதி அகராதி

நான் முதன்முதலில் வாங்கிய அகராதி பாதி அகராதி. மீதிப் பாதி என் எதிரியிடம் இருந்தது.

இலங்கையில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளைகள் இரண்டு பேர். மேல் டிவிசனுக்கு நான், கீழ் டிவிசனுக்கு அவர். லயம் என்கிற வரிசை வீட்டில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராக்களில் குடியிருந்தோம். நடுவில் இருந்தது கூரையைத் தொடாத ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் முதல் திருநீறு யாருக்கு என்று மூண்ட சண்டைக்குப் பிறகு, இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த நேரத்தில் பெரிய கணக்கப்பிள்ளை வயதாகிவிட்டது என்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். புதுத் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இனிமேல் கேள்விகளை இங்கிலீஷில் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவாராம், நாங்களும் இங்கிலீஷில்தான் பதில் எழுத வேண்டுமாம். மூன்று மாதம் கழித்து ஒரு பரீட்சை. தேறுகிறவருக்கு அந்த வேலை, வேலையோடு மேட்டில் ஒரு தனி வீடு.

என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். "வலி எடுத்து நான் கத்துறது அடுத்த காம்பராவுக்குக் கேக்கப்படாதுங்க. அந்த வூட்டை எப்படியாச்சும் வாங்கிப்புடுங்க" என்றாள். அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷோ தோட்டப் பள்ளியில் படித்த இருபத்தாறு எழுத்து மட்டும்.

தெஹியோவிட்டை டவுனுக்கு நடந்தே போய், பழைய சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் அகராதி கேட்டேன். ஊர் திரும்பிய ஒரு துரையின் பங்களாச் சாமான்களோடு வந்ததாம், பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம். "ஒங்களுக்கெண்டே எடுத்து வெச்சேன் தம்பி" என்றார். கனத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். அகராதியைக் கனம் பார்த்து வாங்கக் கூடாது என்று இப்போது யாருக்கும் புத்தி சொல்வேன்.

வீட்டில் பிரித்தால், இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் மட்டும் இருந்தது. துரையின் துண்டை வாசிக்கலாம். பதில் எழுத மழைக்கு என்ன இங்கிலீஷ் என்று தெரிய வேண்டுமானால், முதல் பக்கத்திலிருந்து மழை வரும் வரைக்கும் வாசித்துக்கொண்டே போக வேண்டும். அப்படித்தான் வாசித்தேன். ஒரு மாதத்தில் 'பி' எழுத்து பாதி முடிந்தது. அதுவரை வந்த சொற்களை வைத்தே பதில் எழுதினேன். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று துரை கேட்டதற்கு, "ஆல் பேட்" என்று எழுதி அனுப்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமும் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அதே கடையில், அதே காலையில், எனக்கு முன்னால் அவர் வாங்கிப் போனது மற்றப் பாகம், தமிழுக்கு இங்கிலீஷ். அவருக்கு எதையும் எழுத வரும், எதையும் வாசிக்க வராது. எத்தனை மரத்தில் பால் வெட்டவில்லை என்று கேட்ட துரைக்கு, மழைத்தண்ணீர் ஓடும் கான்களைச் சுத்தம் செய்த விவரத்தை ஒரு பக்கம் அழகாக எழுதியிருந்தாராம்.

நானாவிடம் சண்டைக்குப் போனேன். "ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல தானே ஈக்கிறீங்க, ரெண்டு பேருக்கும் ஒரு பொஸ்தகம் காணும்தானே" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். எங்கள் சண்டை அந்தக் கடைத்தெருவுக்கே தெரியும்.

பேசாதவர்களுக்கு லயத்தில் ஒரு வழி உண்டு, ஜாடைப் பேச்சு. பெண்டாட்டியைத் திட்டுவது மாதிரி பக்கத்து வீட்டைத் திட்டலாம். ஒரு நாள் அவர் தன் கோழியை விரட்டினார்: "ஏய், டபிள்யூ! எச்! வை! அங்கிட்டுப் போ!" கோழிக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாரா என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று எனக்கும் அதே துண்டுதான் வந்திருந்தது. நான் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவளைப் பார்த்துக் கத்தினேன்: "ஏன்னு கேட்டா ஏன்னு சொல்லத் தெரியாத சனம்! பால் ஏன் கொறஞ்சதுன்னு கேட்டா வாயில என்ன கொழுக்கட்டையா?"

சுவருக்கு அப்பால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு என் முறை. "இந்த மழையைப் பத்தி எந்த மகராசன்கிட்ட சொல்றது!" என்று பெருமூச்சு விட்டேன். உடனே கோழிக்கு மறுபடியும் திட்டு விழுந்தது: "ஆர்! ஏ! ஐ! என்! போ சனியனே!"

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. லயம் முழுக்க நாங்கள் பயங்கரமாகச் சண்டை போடுகிறோம் என்று நினைத்தது. துரையோ இருவருடைய முன்னேற்றத்தையும் பார்த்து அசந்துபோனார்.

பரீட்சை ஆபீஸில் நடந்தது. இரண்டு மேசை, ஆளுக்கொரு துண்டு, அவரவர் புத்தகம். இந்த வேலையை உனக்கு ஏன் தர வேண்டும் என்பது கேள்வி. நான் கண்டுபிடித்துவிட்டேன். அவர் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்து மெதுவாக, "ஜே... ஓ... பி..." என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வந்த சொற்களை வைத்து, "ஐ ஆஸ்க் அபோட். பேபி கமிங்" என்று எழுதிக் கொடுத்தேன். இருப்பிடம் கேட்கிறேன், பிள்ளை வரப்போகிறது என்று அர்த்தம். ஏன் என்பது மட்டும் புரிந்த அவர், ஒரு பக்கம் முழுக்க மழையைப் பற்றி எழுதினார். அது எவ்வளவோ நல்ல இங்கிலீஷ். துரை என் துண்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

புது வீட்டில் மகள் பிறந்தாள். என் மனைவி ஆசை தீரக் கத்தினாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுவாரம் துரையின் துண்டு வந்தது. வாசித்தேன், புரிந்தது, பதிலுக்குச் சொல் இல்லை. பழக்கத்தில் சுவரைப் பார்த்து, "இதுக்கு என்னத்தைச் சொல்லித் தொலைக்கிறது!" என்று கத்தினேன். பல்லி கூடப் பதில் சொல்லவில்லை.

"குழந்தை முழிச்சுக்கும். கத்த வேண்டிய எடம் கீழ இருக்கு, போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி.

பழைய லயத்துக்கு இறங்கிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வேறு வழி தெரியாமல் முற்றத்தைப் பார்த்து, "ஏய் கோழி..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கோழியைக் கறி வச்சாச்சு" என்றார். இரண்டு வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை. "என்னையே கேளுங்க."

துண்டை நீட்டாமல், அன்றைக்கு ஆபீஸில் வேண்டுமென்றேதான் வாய் திறக்கவில்லை என்று சொன்னேன்.

"தெரியும். ஒங்க பேனா ஓடுன சத்தம் கேட்டுச்சு. புள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டபடியே உள்ளே போய்ப் பச்சைப் புத்தகத்தை எடுத்து வந்தார்.