என் கட்டை எழுத்துக்கு வந்த கம்ப்ளெயின்ட்டுகள்

பேனர் கடையில் டிசைனராக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், எந்த எழுத்தில் போட்டுக் கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம் எடுப்பா" என்றுதான் கேட்பார்கள். பொறுத்துப் பார்த்து, நானே ஓர் எழுத்துருவை வரைந்துவிட்டேன். 'ட' ஸ்கேல் வைத்தது போல நேர்; 'ழ' காம்பஸ் வைத்தது போல வட்டம்; எங்கும் ஒரே தடிமன். நுனியில் வால் கிடையாது, நிழல் கிடையாது, நெருப்பு கிடையாது. செங்கல்பட்டில் எங்கள் கடைக்கு வருபவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கட்டை எழுத்து'. எனக்கு அது பெற்ற பிள்ளை. முதலாளி பாஸ்கருக்கு அது பேஜாரு.

மாமன் எங்கே?

ஒரு காதணி விழா பேனர். குழந்தையின் பெயரைக் கட்டை எழுத்தில் போட்டேன். அது பந்தியில் கையை அகட்டி உட்காருகிறவர் மாதிரி இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. தாய்மாமனின் பெயரைப் பொடி எழுத்தில் கீழே ஓர் ஓரமாக ஒதுக்கினேன். மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற மாமனை யாராவது ஒதுக்குவார்களா? அவர் மண்டப வாசலில் அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலையும் கழுத்துமாக நேரே கடைக்கு வந்துவிட்டார். "எழுத்து ஷோக்கா கீது அண்ணாத்த. அதுல என் பேரு எங்க கீது?"

அவசரமாக வேறு பேனர் அடித்தோம். இந்த முறை கட்டை எழுத்தில் மாமன். அவர் தலை மறைந்ததும் பாஸ்கர் என் பக்கம் திரும்பினான். "இன்னொரு கம்ப்ளெயின்ட் வரட்டும் மச்சான், உன் எழுத்த கம்ப்யூட்டர்லர்ந்தே தூக்கிடறேன்."

பொத்தேரி மெஸ்

அன்றிலிருந்து கடை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் கம்ப்ளெயின்ட்டோ என்று எட்டிப் பார்ப்பேன். பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தும் குமார் அண்ணன், கட்டை எழுத்தில் போர்டு மாட்டிய பிறகு ஒருநாள் வந்தார். ரோட்டில் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே பெயரைப் படிக்க முடிகிறதாம். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. "முன்னல்லாம் சாம்பார் சரியில்லன்னா எந்தக் கடைன்னு பசங்க மறந்துடுவானுங்க. இப்ப பேரோட சொல்லிகினு கீறானுங்க."

இது கம்ப்ளெயின்ட்டா, பாராட்டா என்று பாஸ்கரால் முடிவு செய்ய முடியவில்லை. எழுத்து தப்பியது.

சகாய மாதா

கோவளம் ஸ்டெல்லா அக்கா, தன் வீட்டுக்காரரின் படகில் 'சகாய மாதா' என்று பெயின்ட் அடிக்க, எங்களிடம் கட்டை எழுத்தில் அட்டை அச்சு வெட்டி வாங்கிப்போயிருந்தார். மழைக்காலம் முடிந்து ஒருநாள், சிரிப்பில்லாத முகத்தோடு வந்து நின்றார். பாஸ்கரின் கை மவுஸுக்குப் போனது. என் பிள்ளையின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அக்கா ஒரு வஞ்சிரத்தை மேஜைமேல் வைத்தார். "அன்னிக்குக் காத்து அடிச்சப்ப கரையில எல்லாரும் நெஞ்சுல கைய வச்சிகினு நின்னோம். தூரத்துல எல்லாப் படகும் ஒரே நீலமாத்தான் கீது. எங்க பேரு மட்டும் மொதல்ல தெரிஞ்சிது தம்பி, அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரைந்தவன் நான் என்று ஊரெல்லாம் கூவவேண்டும் போலிருந்தது. பாஸ்கர் மவுஸை விட்டுவிட்டு மீனை எடுத்து உள்ளே வைத்தான்.

இப்போது கோவளம் கரையில் பாதிப் படகுகள் என் எழுத்தில்தான் நிற்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் எது யாருடையது என்று தெரியவில்லை என்பதுதான் ஸ்டெல்லா அக்காவின் புதிய கம்ப்ளெயின்ட்.