கம்பளி போர்த்திய பேட்டரி

ரோஸ் ஹில்லில் திருவேங்கடத்தின் காரைப் பற்றிக் கேட்டால், யாராக இருந்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். கார் நல்ல கார்தான். பச்சை நிற மோரிஸ். ஊருக்குத் திரும்பிப் போன ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து அறுபத்துநாலில் வாங்கியது. வாங்கியவர்தான் கோளாறு. தலைநகர் போர்ட் லூயிஸில் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார். கார் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும். தைப்பூசத்துக்கு ஒரு தடவை, ஜனவரி ஒன்றாம் தேதிக்கு ஒரு தடவை கோயில்வரை போய்த் திரும்பும். அப்போதும் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டார். காவடி தூக்கியவர்கள் நடந்தே அவரை முந்திக்கொண்டு போவார்கள்.

பிறகு எதற்கய்யா கார் என்கிறீர்களா? அதற்கான காரணம் தீவின் தெற்கே ரோஸ் பெல்லில் இருந்தது. அந்த ஊரில் அவருக்கும் அலமேலுவுக்கும் கல்யாணம் நடந்த அன்று, மாப்பிள்ளையை அழைத்துவரச் சொல்லிவைத்திருந்த கார் பாதி வழியில் படுத்துக்கொண்டது. முகூர்த்தம் தவறிவிடுமே என்று பதறிய அலமேலுவின் அண்ணன், கையில் கிடைத்த கரும்பு லாரியை அனுப்பிவிட்டார். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, முதுகெல்லாம் கரும்புச் சோகை ஒட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை லாரியிலிருந்து குதித்தார். பந்தலே சிரித்தது. அன்றைக்குச் செய்தார் சபதம்: சொந்தமாகக் கார் வாங்குவேன், மாமியார் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், என் பெண்டாட்டியும் மிதிக்கக் கூடாது. லாரி அனுப்பிய அண்ணன் செத்துப் போய்ச் சாம்பலும் ஆகிவிட்டார். இவருடைய கோபம் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

ஓடாத காருக்கு வருகிற முதல் நோய் பேட்டரி படுப்பது. வாங்கிய புதிதில் மாதம் தவறாமல் படுத்தது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் கிளம்பிவிடும். ஆனால் அது லாரிக்காரன் செய்கிற வேலையாம், தலைமைக் குமாஸ்தா செய்யலாமா? ஆகவே பேட்டரியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து, சார்ஜ் ஏற்ற கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போவார். அது மட்டும் கௌரவமான வேலை போலிருக்கிறது!

கடைசியில் அவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, டை கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைவார். பேட்டரியைத் துடைத்து, பிடித்துவைத்த மழைத் தண்ணீரை அளவாக ஊற்றி, மேலே ஒரு குங்குமப் பொட்டு. பிறகு நின்ற இடத்திலேயே எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் உறுமவிடுவார். முன்பலகையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலரும், சன்னதி விளக்கைப் பார்த்த மாதிரி. அணைத்துவிட்டு, குளிர் தாக்காமல் இருக்கப் பேட்டரியைக் கம்பளியால் போர்த்துவார். அந்த வீட்டில் அலமேலுவுக்கு அப்படி ஒரு கம்பளி கிடையாது.

அறுபத்தைந்தில் ரோஸ் பெல்லில் அலமேலுவின் அம்மா தடுக்கி விழுந்து படுக்கையாகிவிட்டாள். விதவை மருமகள் காமாட்சிதான் பார்த்துக்கொண்டாள். அலமேலு கணவரிடம் போய் நின்றாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். நீங்க வர வேண்டாம். காருலகூட வேண்டாம், பஸ்ல போறேன்."

"லாரி அனுப்பச் சொல்லேன்," என்றார் திருவேங்கடம், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலமேலு அன்று அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாகப் போயிருக்கும். நேரே பக்கத்து வீட்டு ஷான்தாலிடம் போனாள். ஷான்தால் மருந்துக்கடை வைத்திருந்த கிரியோல் விதவை, தன் காரைத் தானே ஓட்டுகிறவள், வாயும் கொஞ்சம் நீளம். விஷயத்தைக் கேட்டதும், "மாறி மாறிப் பஸ் பிடிச்சுப் போய் உன் ஆள் வர்றதுக்குள்ள திரும்ப முடியுமா? வீட்டுல காரை வச்சுக்கிட்டு! வா, நான் கத்துத் தர்றேன்," என்றாள்.

கரும்புத் தோட்டத்து மண் பாதையில், ஷான்தாலின் காரில் கற்றுக்கொண்டாள். பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். அவள் புருஷன் தேறியது நாலாவது தடவையில். இதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் புதன்கிழமை, அவர் பஸ் ஏறிய கையோடு இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். சாவியைத் திருகினால் கார் ஒரு முனகு முனகிவிட்டுச் செத்தது. அலமேலு ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை விவரித்தாள். ஷான்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போன்ஜியே, கடவுளே! அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா பேட்டரிக்கு ஒண்ணும் ஏறலன்னு அர்த்தம், அலமேலு. நின்ன இடத்துல உறுமினா, கிளப்பறதுக்குச் செலவானதுகூடத் திரும்பாது. ரோட்டுல ஓடணும். இவர் வாராவாரம் பொட்டு வச்சு அதைக் கொன்னுக்கிட்டிருக்கார்."

லாரிக்காரன் வேலையை அலமேலுதான் செய்தாள். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பி, கம்பளியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ரோஸ் பெல்லுக்குப் போனாள். அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, தலைவாரிவிட்டு, அவர் பஸ் வருவதற்குள் காரைக் கொட்டகையில் நிறுத்திக் கம்பளியையும் போர்த்திவிட்டாள். அதிலிருந்து புதன் தவறவில்லை. பெட்ரோலுக்கு அவள் போட்ட ஊறுகாயை ஷான்தாலின் சிநேகிதிகள் வாங்கிக்கொண்டார்கள். தெருவுக்கே விஷயம் தெரியும். மூலைக்கடைச் சீனரில் தொடங்கி, தபால் கொடுக்கிறவர்வரை தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அலமேலுமேல் பிரியம் ஒரு பக்கம். திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதை மனசுக்குள் வைத்திருப்பதில் இருந்த சுகம் இன்னொரு பக்கம்.

ஏனென்றால் பேட்டரி படுப்பது அடியோடு நின்றுபோனதே! ஞாயிற்றுக்கிழமை சாவியைத் தொட்டால் போதும், கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. எல்லாம் கம்பளியின் மகிமை என்று திருவேங்கடம் முடிவுகட்டினார். கட்டினவர் சும்மா இருந்தாரா? பஸ்ஸில் பேசினார், அலுவலகத்தில் பேசினார், கோயில் சங்கத்தில் எழுந்து நின்று பேசினார். மழைத் தண்ணீரின் தூய்மை, கம்பளியின் தடிமன், பொட்டு வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம். கேட்டவர்கள் தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். சங்கச் செயலாளர் வீரசாமி மட்டும் பாவம், ட்ரியோலேயிலிருந்து புதிதாகக் குடிவந்தவர், தெருச் சங்கதி தெரியாது. நம்பித் தன் காருக்கும் இரண்டு கம்பளி வாங்கிப் போர்த்தினார். பேட்டரி இரண்டே வாரத்தில் மண்டையைப் போட்டது.

"உங்க முறையில ஏதோ பித்தலாட்டம் இருக்கு, மிஸ்யே," என்றார் வீரசாமி சபையில்.

திருவேங்கடத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அறுபத்தெட்டு பிப்ரவரி அது. மார்ச் பன்னிரண்டில் நாடு விடுதலை பெறப்போகிறது. விடுதலை வேண்டுமா வேண்டாமா என்று முந்தின வருஷம் நடந்த தேர்தலில் அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். முடிவு தெரிந்த மறுநாள் காலை விடுதலைப் பக்கம் வந்து நின்றார். இப்போது சபை நடுவே அறிவித்தார்: "இன்னையிலேருந்து காரைத் தொட மாட்டேன். ஞாயித்துக்கிழமைகூடக் கிளப்ப மாட்டேன். கொட்டகைக்குப் பூட்டுப் போடறேன். விடுதலை நாள் காலையில எல்லாரும் மேளத்தோட வாங்க. உங்க முன்னால திறந்து, ஒரே திருகுல கிளப்பி, ஊர்வலத்துக்கு முன்னால கொடி கட்டி ஓட்டறேன்."

கொட்டகையில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. பூட்டுச் சாவி அவர் கோட்டுப் பையில் அலுவலகத்துக்குப் போய் வந்தது; கார்ச் சாவி எப்போதும்போலக் காரிலேயே தொங்கியது. அலமேலுவின் புதன்கிழமைகள் அதோடு போயின. சரி, பூட்டினவர் காரைத் தொடாமலாவது இருந்தாரா? சாயங்காலமானால் யாரையாவது அழைத்துவந்து, திறந்து, முன்விளக்குகளைப் போட்டு, "பாருங்க வெளிச்சத்த!" என்று காட்டுவார். அது தொட்ட கணக்கில் வராதாம். வெளிச்சம் நாளுக்கு நாள் மஞ்சளானது. அதையும் அவர் சந்தன நிறம் என்று புகழ்ந்தார்.

மார்ச் முதல் வாரத்தில் மருந்துக்கடை டெலிபோனுக்குக் காமாட்சியின் தகவல் வந்தது: அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அலமேலு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அலமேலு சாவியைக் கேட்டாள். காலைத் தொட்டுக் கேட்டாள் என்று எழுத எனக்கே கூசுகிறது.

"பன்னெண்டாம் தேதி முடியட்டும்," என்றார் திருவேங்கடம். "அப்புறம் யோசிக்கலாம். உங்கம்மா எங்க ஓடிடப் போறா?"

பன்னிரண்டாம் தேதி விடியற்காலை மறுபடி தகவல் வந்தது. இனி நாளைக் கடத்தாதே என்றாள் காமாட்சி. திருவேங்கடம் புதுச் சூட் போட்டுக்கொண்டு, ஜனங்களைத் திரட்டக் கோயிலுக்குப் போயிருந்தார். அலமேலு நேரே போய்ச் சீனர் கடையில் கடப்பாரை கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு வந்து பூட்டை நெம்பினார். கார் முனகக்கூட இல்லை. கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தாள், கை கொப்புளித்ததுதான் மிச்சம். தெரு மொத்தமும் கூடித் தள்ளியது. முக்கு திரும்பும்போது எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அலமேலு திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை ஷான்தால் வருஷக் கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். மேளம் முழங்க, கொடிகள் ஆட, திருவேங்கடம் முன்னே நடந்து வந்தார். நெம்பின பூட்டைத் தெருப் பிள்ளைகள் அழகாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்து மழைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து ஒரு பிரசங்கம் செய்தார். பிறகு சாவியை எடுத்து, பூட்டைத் தொட்டார். அது கையோடு வந்தது. கதவைத் திறந்தார். உள்ளே தரையில் கம்பளி கிடந்தது.

"திருட்டு! போலீஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார்.

"கூப்பிடுங்க மிஸ்யே," என்றாள் ஷான்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "திருடன் பேரு அலமேலு. மூணு வருஷமா புதன்கிழமை புதன்கிழமை ரோஸ் பெல்லுக்கு ஓட்டிக்கிட்டுப் போன திருடன். உங்க பேட்டரி உசிரோட இருந்தது அதனாலதான்."

மேளக்காரர் சிரிப்பில் குச்சியைக் கீழே போட்டாராம். வீரசாமி மட்டும் சிரிக்கவில்லை. தம் இரண்டு கம்பளிகளை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

அந்தச் சூட்டோடு திருவேங்கடம் பஸ் ஏறினார். விடுதலைக் கொண்டாட்டக் கூட்டத்தில் உட்கார இடமில்லை; வழியெல்லாம் நின்றுகொண்டே, அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று வார்த்தைகளைப் பொறுக்கினார். சபதத்தை உடைத்துக்கொண்டு மாமியார் வீட்டு வாசலை மிதித்தபோது, உள்ளே அழுகுரல் கேட்டது. கிழவி மத்தியானம் போய்விட்டாள். அலமேலு போய்ச் சேர்ந்தபின் நெடுநேரம் நினைவோடு இருந்து, மகள் மடியிலேயே போனாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் காமாட்சி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கண்ணா, வாங்க! இப்பவாவது வந்தீங்களே! அத்தை கடைசி மூச்சு வரைக்கும் உங்களைத்தான் வாழ்த்தினாங்க. வாராவாரம் காரைக் கொடுத்துப் பொண்ண அனுப்பற மாப்பிள்ளை எந்த ஊர்ல உண்டு? தங்கம், தங்கம்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாங்க!"

உறவுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். திருவேங்கடம் அலமேலுவைப் பார்த்தார். அவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் வறண்டிருந்தது. அந்தப் பொய்யை மூன்று வருஷமாக அம்மாவுக்குச் சொல்லி வந்தவள் அவள்தான். என் புருஷன்தான் அனுப்பினார் என்று சொன்னால்தான் கிழவி கவலையில்லாமல் கஞ்சி குடிப்பாள். இப்போது உண்மை அவர் வாயிலிருந்து வந்துவிடும், அம்மாவின் பிணத்துக்கு முன்னால் அந்தச் சண்டையும் நடந்துவிடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. திருவேங்கடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"என்னம்மா பெரிய விஷயம்," என்றார். "பெத்தவளைப் பாக்கப் பொண்ணு தவிப்பாளே. நான்தான் போ போன்னு விரட்டி விட்டேன். அது என் கடமைதானே?"

அப்போதுதான் அலமேலுவுக்கு அழுகை வெடித்தது. அம்மாவுக்காக அழுகிறாள் என்று எல்லாரும் அவளைத் தேற்ற ஓடினார்கள்.