பனிச் சங்கிலியில் ஒரு முடிச்சு

பேய்க் கதை என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இது பட்டப்பகலில், என் லாரியில் நடந்தது. சிரிப்பதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் நான் இத்தாலி மலைகளில் மிலிட்டரி லாரி ஓட்டினேன். கூட இருந்த டிரைவர் முனிரத்தினம், ஆர்.கே.பேட்டை நெசவுக்காரன். நான் திருத்தணி முஸ்லிம், ஆனாலும் அவனுக்கு நான் பாவாதான், மாமன் மச்சான் முறை. அங்கே பனியில் டயர் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்ட வேண்டும். தரையில் விரித்து, சக்கரத்தை மேலே ஏற்றி, சுற்றி இழுத்துக் கொக்கி போடுவோம். மிச்சமாகத் தொங்கும் வால் ஆடினால் பிரேக் குழாயை அடித்து உடைத்துவிடும், அதனால் அதைக் கம்பியால் கட்டச் சொல்வார்கள். இவன் மட்டும் தன் லாரிக்கும் என் லாரிக்கும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய பாவு நூலால், தறியில் அறுந்த இழையை முடிவதைப் போல முடிந்து, வண்டியை இரண்டு தட்டு தட்டி, "ரைட், போ பாவா" என்பான்.

ஒருநாள் ஹவில்தார் அதைப் பார்த்து, புடவை நெய்கிறீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்கு மானம் போயிற்று. கத்தியை எடுத்து நானே அவன் லாரியில் கட்டியிருந்த அந்த நூலை அறுத்துப் பனியில் எறிந்தேன், கம்பியைச் சுற்றினேன்.

"இன்னா பாவா, கம்பி குளிருக்கு ஒடிஞ்சிடும்."

"மூடிகினு ஏறுடா" என்றேன். அதுதான் அவனிடம் நான் கடைசியாகப் பேசியது. மத்தியானம் ஓர் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் அவன் லாரி பள்ளத்துக்குள் போயிற்று.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். ஒரு முதலாளி ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரிக்கு டிரைவர் ஆனேன். சீட்டுக்கு அடியில் ஒரு கோணியில் அதே மாதிரிச் சங்கிலி கிடந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் ஏற்றினோம். திரும்ப ஏரிக்கரை வழிதான், ஒரே களிமண், முடிவில் செங்குத்தான இறக்கம். மூட்டைகள் மேல் கூலியாட்கள் எட்டுப் பேர், அதில் மூன்று பெண்கள்.

"ஆளுங்கள எறக்கிடுங்க மொதலாளி, நடந்து வரட்டும்."

"நடந்தா எப்ப வந்து மூட்டைய எறக்கறது? ஓட்ட பயம்னா சாவிய குடு, வேற ஆளு ஓட்டுவான்."

நான் கொடுத்தால் இன்னொருத்தன் சங்கிலிகூட இல்லாமல் ஓட்டுவான். பல்லைக் கடித்துக்கொண்டு மழையில் பின்சக்கரம் இரண்டுக்கும் சங்கிலி மாட்டினேன். பனிக்குப் போடுவதைச் சேற்றுக்குப் போடுகிறான் என்று கேபினில் உட்கார்ந்து இளித்தான் பாவி. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டியில் துருப்பிடித்த கம்பிதான் இருந்தது. அதையே கட்டினேன்.

கரையின் பாதியில் வலது பக்கம் டக், டக் என்று கேட்டது. கம்பி ஒடிந்து வால் ஆடுகிறது. நிறுத்தினால் கரை சரியும், போனால் இறக்கத்தில் பிரேக் இருக்காது. எட்டு உயிர் முதுகுக்குப் பின்னால், பக்கத்தில் முதலாளி, "போ, போ" என்கிறான். அப்போது சத்தம் சட்டென்று நின்றது. வண்டியின் வலப்பக்கத்தில் இரண்டு தட்டு. வலது பக்கம் முழுக்க ஏரித் தண்ணீர், மனுஷன் நிற்க ஓர் அடி இடம் கிடையாது.

மூட்டை மேலிருந்த பெண் கத்தினாள்: "யாருண்ணா அது, கீழ தட்டறது?"

இறக்கத்தில் பிரேக் பிடித்தது. கீழே நிறுத்தி ஓடிப் போய்ப் பார்த்தேன். என் கம்பி துண்டாகத் தொங்கியது. வாலைச் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு நூல் கட்டியிருந்தது. அந்த மழையிலும் சேற்றிலும் அது காய்ந்திருந்தது. முடிச்சு அவிழாமல் அதை உருவி எடுத்துக்கொண்டு, சாவியை முதலாளியின் முகத்தில் எறிந்துவிட்டு நடந்தேன்.

அந்த நூலை முனிரத்தினத்தின் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்க தறி நூலுதாண்ணா. முடிச்சும் அவரு போட்டதுதான்" என்றாள். பிறகு நூலின் நடுவில் இருந்த இன்னொரு சின்ன முடிச்சைக் காட்டினாள். "இங்க யாரோ கத்தியால அறுத்துக்கீறாங்க, அதையும் முடிஞ்சிக்கீறாரு. யாருண்ணா அறுத்தது?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.