நீலக் கோடு போட்ட கான்கள்

தீவுப் பகுதிச் செய்தியாளன் என்றால் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மோட்டார் சைக்கிள், கோயில் திருவிழா, உடைந்த வீதி, இவைதான் என் உலகம். நான் அனுப்புகிற செய்திகள் உள்பக்கத்து மூலையில் ஒதுங்கும். ஒரே ஒரு தடவை முதல் பக்கத்துக்குப் போனேன். வினையும் கூடவே வந்தது.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில், அதாவது தாங்கி லொறியில்தான் வரும். அது வருகிற நாளில் விடியவே ஒழுங்கை என்கிற ஒடுங்கிய தெருக்களின் ஓரம் பிளாஸ்டிக் கான்கள் வரிசைகட்டிவிடும். ஆள் நிற்கத் தேவையில்லை, கான் நின்றால் இடம் உறுதி. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒரு வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொரு வீட்டுக்குப் பச்சைப் பெருக்கல்.

அப்படி ஓர் ஒழுங்கையில் இருந்த ஒரு பெண்தான் என்னை அழைத்தார். தண்ணீர் அனுப்புகிற கந்தோரில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டு, நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தவர்.

“அண்ணை, பவுசர் எங்களிட்ட வர முதல் கடற்கரையில கட்டுற விடுதிக்குள்ள போகுது. பாதித் தண்ணி அங்கதான் இறங்குது. வந்து பாருங்கோ. என்ர பேர் மட்டும் வெளியில வரப்படாது.”

போய், விடுதி வாசல் தெரிகிற அவருடைய வேலியோரம் நின்று, பவுசர் உள்ளே போவதைப் படம் எடுத்தேன். இரண்டு படம் அனுப்பினேன். பத்திரிகையில் போட்டது, மூலையில் அவருடைய நீலக் கோட்டுக் கான் தெரிகிற படத்தை. பார்க்க வடிவாக இருந்ததாம்!

அன்று பின்னேரமே சாதாரண உடுப்பில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை போட்டேன், இருக்கவில்லை; எங்கேயிருந்து வருகிறோம் என்றும் சொல்லவில்லை.

“ஆர் சொன்னது?”

“நானே பாத்தனான்.”

“சரி. நீலக் கோட்டுக் கான் ஆரின்ர எண்டு அடுத்த பவுசர் வரேக்க பாக்கிறம்.”

முன்பு நகரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வளர்ந்துவருகிற பெரிய நாடுகளில் செய்தியாளர்மேல் எப்படி வழக்குப் போடுகிறார்கள், விளம்பரத்தை நிறுத்திப் பத்திரிகையை எப்படிப் பணியவைக்கிறார்கள் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். கைபேசியைப் பூட்டி வைக்கவும் சொல்லித் தந்தார்கள். நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். தண்ணீர்க் கானை எப்படிப் பூட்டுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டார். “கோட்டைச் சுரண்டவும் ஏலாது அண்ணை. சுரண்டின இடமே காட்டிக் குடுத்திடும். கொண்டுபோகாமல் விட்டாலும் சந்தேகம் வரும். வேலை போயிடும்.”

பவுசர் வருகிற நாள் காலையில் அந்த ஒழுங்கைக்குப் போனேன். வரிசையைப் பார்த்ததும் இறங்கவே மறந்து மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டேன். எல்லாக் கானிலும் நீலக் கோடு. சிவப்புப் பொட்டுக்கு மேலும் நீலம், பச்சைப் பெருக்கலுக்கு மேலும் நீலம். சிலதில் பெயின்ற் காயவே இல்லை. அந்தப் பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும்தான் சொல்லி அழுதாராம். ஒழுங்கைக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

அந்த இருவரும் வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்தார்கள். “படத்தில வந்த கான் எது?” என்று கேட்டார்கள். கை முழுக்க நீலமாக நின்ற பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்குத் தம்பி. எங்களுக்கே தெரியேல்லை.”

அது பொய்யில்லை. அவர்கள் போன பிறகு, எது யாருடைய கான் என்று அங்கே நடந்த சண்டை இருக்கிறதே! அன்று பவுசர் விடுதிக்குள் போகாமல் நிறைந்து வந்தது. சண்டையும் தண்ணீர் தீரும்வரை நடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. செய்தி என் பெயரில் வந்தது என்றாலும், அதைச் சொன்னவரைக் காப்பாற்றியவர்கள் அந்த ஒழுங்கைச் சனங்கள்தான். அந்த நன்றியைச் சொல்ல வாயெடுத்தேன். “தள்ளி நில்லுங்கோ, பெயின்ற் படும்” என்று விரட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. இனி என் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். சில மாதங்கள் கழித்துக் கைபேசி அடித்தது.

“அண்ணை, இன்னொரு விஷயம் கிடக்கு. வாறீங்களோ? இந்தமுறை கானை உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டன்.”