பச்சைக் கரண்டியைப் பழுப்பாக்கிய போட்டோ

இன்று மத்தியானம் எங்கள் கடைக் கிச்சன் வாசலில் சாவித்திரி டீச்சர் நின்றார்.

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக!

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. இதை எழுதாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. முன்னால் கல்லாவில் என் வீட்டுக்காரர், பின்னால் கிச்சனில் நான். சைவமும் உண்டு, அசைவமும் உண்டு. அதனால் என் கிச்சனில் ஒரே ஒரு சட்டம்தான்: பச்சை டேப் சுற்றிய கரண்டி சைவத்துக்கு, சிவப்பு டேப் சுற்றியது கறிக்கும் மீனுக்கும். கழுவுகிற சிங்க்கூட வேறு வேறு.

(ஒரு தடவை என் வீட்டுக்காரர் சிவப்புக் கரண்டியால் ரசத்தைக் கலக்கிவிட்டார். ஒரு பானை ரசமும் சாக்கடைக்குப் போனது. மனுஷன் இரண்டு நாள் கிச்சன் பக்கம் தலைகாட்டவில்லை!)

போன வாரம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கடையின் பேஜில் போட நல்ல படம் வேண்டுமாம். ஒரு போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் முதலில் அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, அந்த டியூப் லைட்ட ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணிட்டு எப்படி தம்பி சமைக்கிறது? எண்ணெய் கொதிக்குது லா!"

"ரொம்ப வெளிச்சமா இருக்குக்கா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. மூட் வரல."

ஆஸ்பத்திரி மாதிரியாம்! அந்த வெள்ளை டைல்ஸைத் தினமும் மண்டி போட்டுத் தேய்க்கிறவள் நான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு உண்டா? அவருக்கு அது குறை.

அப்புறம் புகை வேண்டும் என்றார். தாளிக்கும்போது தானாக வரும், கொஞ்சம் இருங்கள் என்றேன். எங்கே கேட்டார்? காய்ந்த குவாலிச் சட்டியில் தண்ணீரை ஊற்றச் சொல்லி, எல்லோரையும் இரும வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

போகும்போது கேமராவில் ஒரு படத்தைக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. சாம்பார்ப் பானையில் பச்சைக் கரண்டி, பக்கத்தில் ஆட்டுக்கறியில் சிவப்புக் கரண்டி, நடுவில் நான்.

"இதையே போட்டுடுங்க தம்பி."

"ஐயோ, இன்னும் எடிட் பண்ணலக்கா. பாருங்க, வேற லெவல்ல வரும்!"

வந்தது!

வெள்ளை டைல்ஸ் டீக்கறை நிறத்தில் இருந்தது. வாழையிலை சருகாகிவிட்டது. கறிவேப்பிலை தேயிலைத்தூள் ஆகிவிட்டது. நான் பாதி முகம் இருட்டில், பேய்ப்படத்துக்கு நடிக்க வந்தவள் மாதிரி நின்றேன்.

"அழகா இருக்கு லா! லைக்க பாரு!" என்று என் வீட்டுக்காரர் துள்ளினார்.

நானும் ஒரு முட்டாள். சிரித்துக்கொண்டே அதை வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். செந்தூலிலிருந்து சாவித்திரி டீச்சர். கடை திறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் தன் பஜனைக் குழுவுக்கு முப்பது பொட்டலம் சைவச் சாப்பாடு எங்களிடம்தான் வாங்குவார். எல்லோரும் விரதம் இருப்பவர்கள்.

"கமலா, நீ போட்ட படத்த பெருசாக்கிப் பார்த்தேன்."

"நல்லா இருக்கா டீச்சர்?"

"சாம்பார்ல கிடக்கிற கரண்டியும் கறியில கிடக்கிற கரண்டியும் ஒரே மாதிரி இருக்கே. பச்சை எங்கம்மா?"

படத்தைத் திறந்தேன்.

அலாமாக்! இரண்டு கரண்டியும் ஒரே பழுப்பு!

"டீச்சர், அது எடிட்டிங் டீச்சர். கலர மாத்திட்டாங்க."

"கரண்டி கலர எதுக்கும்மா மாத்தணும்?"

மூடுக்காக டீச்சர் என்று சொல்ல வாய் வருமா?

"குரூப்புல எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க. நான்தான இவ்வளவு வருஷமா அவங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்? நான் என்னன்னு சொல்றது?"

போனை வைத்ததும் அந்தப் போட்டோகிராபரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, என் பச்சை எங்க போச்சு?"

"பச்சை இருந்தா கண்ண உறுத்தும்க்கா. அதான் பிரௌன் பக்கம் தள்ளிட்டேன். எல்லாப் படத்துக்கும் நான் அதான் செய்வேன்."

"அது சைவக் கரண்டி!"

"யாருக்கா கரண்டிய பாக்கப் போறா?"

யார் பார்ப்பார்களா? ஒரு வாய் தப்பாகப் போய்விடக்கூடாதே என்று மாசம் முழுக்க விரதம் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள்! என் முகத்தை இருட்டாக்கு, என்னைக் கிழவியாக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். என் கரண்டியில் கை வைக்க நீ யார்?

குரூப்பிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் அது எத்தனை போனுக்குப் போனதோ!

இன்று சனிக்கிழமை. எப்போதும் டீச்சர் முன் மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பார், பொட்டலங்கள் அவரிடம் போகும். இன்று நேராகக் கிச்சன் வாசலுக்கு வந்தார்.

"நீ வேலைய பாரு கமலா. நான் சும்மா நிக்கிறேன்."

முப்பதாவது பொட்டலம் கட்டும்வரை நின்றார். கண் கரண்டியைவிட்டு நகரவில்லை. நானே தாங்க முடியாமல் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"பச்சை டீச்சர்."

"ஆமாம்மா, பச்சைதான்." குனிந்துகொண்டார். "தப்பா நெனைச்சுக்காத."

அவர் போனபின் என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "அதான் முப்பதும் வாங்கிட்டாங்களே, அப்புறம் என்ன?"

வாங்கினார். நின்று பார்த்து வாங்கினார்!

கீழே இருப்பது சற்றுமுன் என் போனில் நானே எடுத்த படம். டியூப் லைட் எரிகிறது. என் முகமெல்லாம் எண்ணெய். மூட் கிடையாது. இலை பச்சை, கரண்டியும் பச்சை.

டீச்சர், இதைப் பார்த்தால் அடுத்த சனிக்கிழமை முன் மேசையிலேயே உட்காருங்கள். டீயை நானே கொண்டுவந்து தருகிறேன்.